கிராசுலா பேசிய பஷ்தோ

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் கெனோவேஃபாவின் மாடு கிராசுலா பஷ்தோ மொழியில் பேசியது. மாடு பேசியதில் செய்தி ஒன்றுமில்லை. போலந்தில், பூக் ஆற்றங்கரையில் இருக்கும் லிப்னிக்கி ஊரில் அந்த ஓர் இரவு மட்டும் ஆடு, மாடு, குதிரை எல்லாமே பேசும். ஊர்க்காரர்கள் பிராணிகளுக்கென்றே வண்ணமிட்டுச் சுடும் பண்டிகை அப்பத்தில் ஒரு துண்டை அவற்றுக்கு ஊட்டிவிட்டு, தொழுவத்தை இழுத்து மூடிக்கொண்டு பூசைக்குப் போய்விடுவார்கள். ஒட்டுக்கேட்பவன் தன் சாவைத்தான் கேட்பான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். மர ஆலை வைத்திருந்த வின்ட்சென்ட்டி ஒரு தடவை கேட்டுத் தொலைத்தார். ஈஸ்டருக்கு முன்னால் இந்த ஆளைக் கல்லறைக்கு இழுக்க வேண்டியிருக்கும், பாதை வேறு சேறாகக் கிடக்கும் என்று ஒரு குதிரை இன்னொரு குதிரையிடம் அலுத்துக்கொண்டது. அப்படியே இழுத்தன, சேறும் இருந்தது. அந்த வருடம் உருளைக்கிழங்கு நல்ல விளைச்சல். ஆனால் அன்றுவரை எல்லாப் பிராணிகளும் பேசியது போலிஷ்தான்.

கெனோவேஃபா ஒட்டுக்கேட்கப் போகவில்லை. கையுறையைத் தொழுவத்தில் மறந்து வைத்துவிட்டு, பூசைக்குப் போகும் வழியில் திரும்பி வந்தாள். கிராசுலா அவளை நேராகப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னது. ஒரு எழுத்தும் விளங்கவில்லை. விடிந்ததும் மற்ற தொழுவங்களில் எல்லாம் வாய் அடங்கிவிட்டது. கிராசுலா மட்டும் நிறுத்தவில்லை. தீனி தின்னும் நேரம் போக மீதி நேரமெல்லாம் பேசிக்கொண்டே இருந்தது. ஊர்த்தலைவர் ஹிலாரி வந்து கேட்டார், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பாதிரியார் இது தன் துறையில் வராது என்று சொல்லி அனுப்பினார்.

பஷ்தோ என்று கண்டுபிடிப்பதில் சிரமம் இருக்கவில்லை. கெனோவேஃபாவின் வீட்டுப் பின்பாதியில் ஸ்மராயும் அவன் மனைவி பிரெஷ்னாவும் குடியிருந்தார்கள். போலந்துப் படை அவன் நாட்டில், கஸ்னியில் இருந்த காலத்தில் ஸ்மராய் அதற்கு மொழிபெயர்ப்பாளன். இப்போது மர ஆலையில் வேலை. யார் யாரை என்ன சொன்னாலும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிடுவான் என்று அங்கே பேரெடுத்தவன். அந்தப் பேரை விட்டால் ஊரிலிருந்து கொண்டுவந்த சொத்து வேறில்லை. இரண்டு மொழிகளையும் ஒரே வாயில் வைத்திருப்பவன் என்பதால், எது கஷ்டம், எது உசத்தி என்று கடையில் அவனைப் பிடித்து வைத்துக் கேட்பார்கள். போலிஷ் பல்லிலும் உதட்டிலும் நடக்கிறது, சருகுமேல் நடப்பதுபோல. பஷ்தோ தொண்டைக்குள்ளே குடியிருக்கிறது என்பான். திட்டும்போது போலிஷ்காரர்கள் காலராவையோ நாய் ரத்தத்தையோ கூப்பிடுகிறார்கள், நாங்கள் எதிராளியின் வீட்டை இடிந்துவிழச் சொல்கிறோம் என்பான். வேலை செய்கிறவரைச் சும்மா கடந்து போகக்கூடாது என்பதில் மட்டும் இரண்டும் ஒன்று. இங்கே 'கடவுள் துணை நிற்கட்டும்' என்பார்கள், அங்கே 'களைக்காமல் இரு' என்பார்கள். மாட்டின் தொண்டைக்குப் பஷ்தோதான் சௌகரியம் என்று ஹிலாரி அன்றைக்கே தீர்ப்புச் சொன்னார். அதை ஸ்மராய் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

மாட்டுக்கு மொழி வந்த வழியும் லேசானதுதான். வசந்தத்தில் கெனோவேஃபாவுக்கு மணிக்கட்டு பிசகியதிலிருந்து பால் கறப்பது பிரெஷ்னா. அவளுக்குப் போலிஷ் வராது. கணவன் ஆலைக்குப் போனால் வாய்விட்டுப் பேச அந்த மாட்டை விட்டால் ஆளில்லை. மனதில் இருந்ததை எல்லாம் அதன் காதில்தான் கொட்டினாள்.

கிறிஸ்துமஸ் காலையில் கெனோவேஃபா கோயிலுக்குப் போகும் உடுப்போடு வந்து ஸ்மராயின் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"சொல்லுப்பா. எப்பன்னு சொல்லுது? ஈஸ்டருக்கு முன்னாலயா, பின்னாலயா?"

ஸ்மராய் காது கொடுத்தான். அவன் முகமும் வெளுத்தது. மாடு சொல்லிக்கொண்டிருந்தது சாவைப் பற்றியே இல்லை. கெனோவேஃபாவின் பீட்ரூட் சூப்பு கழுநீர் என்றது. அவள் நடை கால் கட்டின கழுதையின் நடை என்றது. இவள் வீடு இடிந்துபோக, கதவைச் சாத்து கதவைச் சாத்து என்று உயிரை எடுக்கிறாளே என்றது. அத்தனையும் பிரெஷ்னாவின் குரல், பிரெஷ்னாவின் இழுப்பு. அவன் திரும்பிப் பார்த்தான். பிரெஷ்னா முக்காட்டைக் கடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"இங்க பாருங்க, சொல்லிடாதீங்க. இந்தப் பனியில நம்மள வெளிய தள்ளிட்டா எங்க போவோம்?" என்றாள் தங்கள் மொழியில்.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஸ்மராய் மென்று விழுங்கினான். "பண்டிகை வாழ்த்துச் சொல்லுதும்மா" என்றான்.

"வாழ்த்துக் கேட்ட மூஞ்சியா இது? எனக்குத் தெரிஞ்சு போச்சு, விடு."

சொன்னதோடு நிற்கவில்லை. அன்று மதியமே பட்டணத்தில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, நான் போனதும் வீட்டையும் மாட்டையும் விற்றுவிடு என்றாள். செத்துப்போன புருஷனின் நரித்தோல் தொப்பியை ஹிலாரிக்குக் கொடுத்தாள்; அவர் மறுத்துவிட்டு வாங்கிக்கொண்டார். சாகும்போது உடுத்தவேண்டிய கறுப்புப் பட்டு உடுப்பை நாற்காலியில் விரித்து வைத்துவிட்டுக் கட்டிலில் படுத்தாள். சோறு தண்ணீர் இறங்கவில்லை. மறுநாள் உதடு நீலம் பாரித்தது. டாக்டர் வந்து உடம்பில் கோளாறு ஏதுமில்லை, ஆனால் இப்படியே போனால் புத்தாண்டைத் தாண்டாது என்றார். உண்மையைச் சொன்னால் கூரை போகும், சொல்லாவிட்டால் கிழவி போவாள். கிழவி போனாலும் கூரை போகும். ஸ்மராய் இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தான். அதைவிட, தன் வாய் முதல் தடவையாகப் பொய் சொல்லி, அந்தப் பொய்யே ஒருத்தியைக் கொல்லப் போகிறது என்பதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

முடிவெடுத்தது பிரெஷ்னா. அவர்கள் ஊரில் தப்புச் செய்தவர் மன்னிப்புக் கேட்க ஓர் ஆட்டை ஓட்டிக்கொண்டு, பாதிக்கப்பட்டவர் வீட்டுக்குள்ளேயே போய் நின்றுவிட வேண்டும். வாசல் தாண்டி வந்தவரைக் கைவிடக்கூடாது; அது பகையாளிக்கும் பொருந்தும் சட்டம். லிப்னிக்கியில் அவளுக்கு ஆடு ஏது? கைக்கு எட்டியது கிராசுலாதான். கெனோவேஃபாவின் மாட்டையே கெனோவேஃபாவிடம் காணிக்கையாக ஓட்டிப் போகிறோம் என்பது அவளுக்கு அந்த அவசரத்தில் உறைக்கவில்லை. வராந்தாவைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, படுக்கையறைக்குள் மாட்டை இழுத்துக்கொண்டு போனாள். ஸ்மராய் பின்னாலேயே ஓடினான். கண் விழித்த கெனோவேஃபா, கட்டிலுக்கு மேலே இரண்டு கொம்புகளைப் பார்த்தாள்.

"ஐயோ! கூட்டிட்டுப் போகவே வந்துடுச்சே!" என்று அவள் போட்ட கூச்சல் தேவாலயம்வரை கேட்டது. அவள் அலறுவதும், பிரெஷ்னா அவள் காலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்பதும், மாடு தன் பாட்டுக்குப் பேசுவதுமாக அறை இரண்டுபட்டது. ஸ்மராய் கண்ணை மூடிக்கொண்டு, கஸ்னியில் நின்றதுபோல நிமிர்ந்து நின்று மொழிபெயர்க்கத் தொடங்கினான்.

கழுநீரை விடவில்லை. கழுதையை விடவில்லை. வீடு இடிந்துபோக என்பதை அப்படியே சொன்னான். போலிஷில் அதற்குக் காலரா கொண்டுபோக என்று வரும் என்று விளக்கமும் சொன்னான். கெனோவேஃபா கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து உட்கார்ந்தாள்.

"என் சூப்பையா சொல்லுது?"

"ஆமாம்மா."

"சாவு?"

"அந்தப் பேச்சே இல்லம்மா."

மாடு கடைசியாகத் தணிந்த குரலில் ஒன்று சொன்னது. இலையுதிர் காலத்தில் கெனோவேஃபாவுக்குக் காய்ச்சல் கண்டபோது பிரெஷ்னா பால் கறந்துகொண்டே அழுத அழுகை அது. ஆண்டவனே, இந்தக் கிழவியைக் கொண்டுபோய்விடாதே, இந்தச் சீமையில் நான் சண்டை போட வேறு யார் இருக்கிறார்கள். அதையும் அவன் சொல் மாறாமல் சொன்னான்.

கெனோவேஃபா பிரெஷ்னாவைப் பார்த்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள்.

"வயித்துல பால வார்த்தியேடி! என் சூப்பு கழுநீரா? நாய் ரத்தமே, நீ சுடுற ரொட்டியில செருப்புத் தைக்கலாம்! டேய், இதை அவகிட்ட அப்படியே சொல்லு. ஒண்ணு குறைஞ்சாலும் உன்னைத் தொலைச்சிடுவேன்!"

ஸ்மராய் சொன்னான். அவ்வளவு சந்தோஷமாக அவன் எதையும் மொழிபெயர்த்ததில்லை. கறுப்புப் பட்டு பெட்டிக்குள் போயிற்று. நரித்தோல் தொப்பியை மட்டும் ஹிலாரி திருப்பித் தரவில்லை. கிராசுலா ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று வாயை மூடியது. பால் எப்போதும்போலவே கறந்தது.

விஷயத்தின் உபயோகத்தை முதலில் புரிந்துகொண்டவரும் ஹிலாரிதான். புரியாத மொழியில் மாடு பேசினால் யாரும் தன் சாவைக் கேட்க வேண்டியதில்லை. அவர் புதுத் தொப்பியோடு வந்து, "எங்க வீட்டுப் பசுங்ககிட்டயும் ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போம்மா" என்று பிரெஷ்னாவைக் கேட்டார். அடுத்து மற்றவர்களும் கேட்டார்கள். வீடு வீடாகப் போய், வைக்கோல் போடும் வேளையில், களைக்காமல் இரு என்று ஆரம்பித்து அவள் பேசினாள். சில வருடங்களில் லிப்னிக்கியின் மாடு, குதிரை, ஆடு அத்தனையும் பஷ்தோவுக்கு மாறிவிட்டன. இப்போது கிறிஸ்துமஸ் இரவில் யாரும் தொழுவத்தை மூடுவதில்லை. பிள்ளைகள் வாசலில் நின்று வேடிக்கை பார்க்கின்றன. பெரியவர்கள் பயமில்லாமல் மாட்டைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் பூசைக்குப் போகிறார்கள்.

அந்த ஊரில் பிராணிகளின் பேச்சு விளங்குவது இரண்டே பேருக்குத்தான். அதனால் வருடா வருடம் அந்த இரவு பொழுது சாய்வதற்கு முன்பே கெனோவேஃபா இருவரையும் தன் படுக்கையறைக்குக் கூட்டிக்கொண்டு வந்து, கதவைத் தாழிட்டு, ரேடியோவை முழுச் சத்தத்தில் திருப்பி வைக்கிறாள். பூசைக்குப் போவதில்லை. விடியும்வரை கதவுக்குக் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, ரேடியோவுக்கு மேலே குரலை உயர்த்தி, பிரெஷ்னாவின் ரொட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறாள்.