பக்கத்து சீட்டு பிரேக்

நான் கட்டிய காரை வெளியே எடுத்தால் எதிர்க்காற்றே ஓரமாக ஒதுங்கி நின்று, "நீங்க முன்னாடி போங்க, பெரியவரே" என்று வழிவிடும். ஒருமுறை அது போன வேகத்தில் என் நிழல் பின்தங்கிவிட்டது. நான் வீட்டுக்கு வந்து டீ குடித்து முடித்த பிறகுதான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது.

இதை என் மச்சினன் நம்பமாட்டான். அவன் எதைத்தான் நம்பினான்? வண்டிகள் ரோட்டில் ஓடத் தகுதியானவையா என்று பார்த்துச் சொல்கிற இன்ஸ்பெக்டர். மழையில் தொப்பலாக நனைந்து வந்தாலும், வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் மழை என்று ஒப்புக்கொள்வான்.

ரிட்டயர் ஆன கையோடு ஷெட்டில் வேலையை ஆரம்பித்தேன். எஞ்சின் ஒரு வண்டியிலிருந்து, கதவுகள் இன்னொன்றிலிருந்து. பெடலும் பக்கத்து சீட்டும் ஒரு டிரைவிங் ஸ்கூல் காரிலிருந்து. அந்த மாதிரி கார்களில் கற்றுக்கொடுக்கிறவர் பக்கமும் ஒரு பிரேக் பெடல் இருக்கும். இரண்டையும் ஓர் இரும்புத் தண்டு இணைக்கும், யார் மிதித்தாலும் இரண்டும் இறங்கும். எனக்கு எதற்கு வாத்தியார்? அந்தப் பக்கத்துப் பெடலை அறுத்துப் போட்டேன். தண்டைக் கழற்ற மட்டும் சோம்பல்பட்டு, மேலே கார்ப்பெட் ஒட்டி மூடிவிட்டேன்.

பழைய இரும்புக் கடைக்காரர் அந்த சீட்டைக் கொடுக்கும்போதே, "வாத்தியார் இதுல உக்காந்தபடியேதான் போய்ச் சேந்தாரு, சார்" என்றார்.

"அவ்வளவு சௌகரியமான சீட்டா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

கார் பறந்தது. ஆனால் நடுவில் திடீர் திடீரென்று, யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல் வேகம் குறைந்தது. ஒவ்வொரு முறையும் அதற்குச் சற்று முன்னால் டாஷ்போர்டில், பேனாவால் தட்டுவதுபோல், டொக் டொக்.

என் மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "என் தம்பி பாத்துட்டு சரின்னா இருக்கட்டும். இல்லேன்னா வெள்ளிக்கிழமை இரும்புக்காரர் லாரி வருது, அதுல ஏத்திடுவேன். இடம் இருந்தா உங்களையும்."

மச்சினன் வந்தான். ஜாக்கி போட்டு ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கிக் கையால் சுற்றினான். எல்லாம் பம்பரமாய்ச் சுற்றின. பிறகு என்னை ஓட்டிவிட்டு வரச் சொல்லி, சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தான். நான்கும் ஒரே மாதிரி சுட்டன.

"எங்கயாவது சிக்கி இழுத்தா அந்த ஒரு சக்கரம்தான் மாமா சுடும். நாலும் சுட்டா, யாரோ பிரேக்கை மிதிக்கிறாங்கன்னு அர்த்தம்."

"காத்தா இருக்கும் மாப்ளே. என் காரைப் பாத்துப் பொறாமை."

"காத்து பிரேக்கைச் சூடாக்காது."

அடுத்த முறை தன் வண்டியில் என் பின்னாலேயே வந்தான். வேகம் குறைந்ததும் ஹாரன் அடித்து நிறுத்தி, ஜன்னல் வழியே கத்தினான்: "பிரேக் லைட் எரியுது! நீங்கதான் மிதிக்கிறீங்க. உங்க பாதம் இருக்கிற சைஸுக்கு எல்லா பெடலும் ஒண்ணா அமுங்கும்."

"சத்தியமா நான் மிதிக்கல."

"நீங்க சத்தியம் பண்ணாத்தான் எனக்குச் சந்தேகமே வருது" என்று இறங்கி வந்து, என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டான்.

மூடிக் கிடந்த தொழிற்சாலைக்குப் பின்னால் ஓர் இறக்கம் உண்டு. ஆள் நடமாட்டம் கிடையாது. உச்சியிலிருந்து நியூட்ரலில் உருளவிட்டு, "இப்பப் பாரு" என்று இரண்டு கால்களையும் தூக்கி சீட்டின் மேல் சம்மணம் போட்டேன்.

"மாமா! காலை இறக்குங்க! அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது!"

கார் வேகமெடுத்தது. கீழே குறுக்கு ரோடு. நான் ரோட்டையா பார்த்தேன்? அவன் முகம் சுண்ணாம்பாக வெளுப்பதைக் கண்ணாரப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டொக் டொக்.

காருக்குள் சட்டென்று சில்லிட்டது. நடுவிலிருந்த கண்ணாடி தானாக, மெதுவாக, அவன் பக்கம் திரும்பியது. என் முன்னால் பிரேக் பெடல் இறங்கியது. அவசரமே இல்லாமல், ஆயுசு பூராவும் பழகின ஒரு கால் மிதிப்பதுபோல். மச்சினன் குனிந்து தன் காலைப் பார்த்தான். முழங்காலை இரண்டு கைகளாலும் பிடித்து மேலே இழுத்தான். கால் வரவில்லை. அவன் ஷூ கார்ப்பெட்டுக்குள் அமுங்கிக்கொண்டே போனது.

குறுக்கு ரோட்டுக்கு முன்னால் போட்டிருந்த வெள்ளைக் கோட்டில், ஒரு விரற்கடைகூடத் தாண்டாமல், கார் நின்றது.

கால்களை இறக்கி, கியர் போட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். எஞ்சின் உறுமியது. கார் அசையவில்லை.

டொக் டொக்.

"மாமா…" அவன் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "வலது பக்கம் பாருங்க. இடது பக்கம் பாருங்க. இன்டிகேட்டர் போடுங்க."

பார்த்தேன். போட்டேன். பெடல் மெல்ல மேலே வந்தது.

வீடு வரை நான் ஓட்டிய ஒழுங்கை எந்த டிரைவிங் ஸ்கூலும் கண்டிருக்காது. சந்துபொந்து விடாமல் இன்டிகேட்டர். தெருநாய்க்குக்கூட நின்று வழிவிட்டேன்.

மனைவி வாசலிலேயே நின்றாள். "என்னடா, லாரிக்காரரை வரச் சொல்லிடவா?"

"வேணாம்க்கா. பிரேக் நல்லா வேலை செய்யுது."

"யாரு மிதிச்சதாம்?"

"வாத்தியார்!" என்று நான் ஆரம்பித்தேன். "ஆறடி உயரம், கண்ணு ரெண்டும் ஹெட்லைட்டு மாதிரி, என்னோட கையைக் குலுக்கி…"

"நீங்க சும்மா இருங்க. நீ சொல்லுடா."

மச்சினன் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். பளபளவென்று பாலிஷ் போட்ட அதன் மேல்பக்கத்தில், தூசியில் அச்சடித்ததுபோல் இன்னொரு ஷூவின் அடித்தடம். அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா சொல்ற உயரம், கண்ணு எல்லாம் பொய்க்கா" என்றான். "ஆனா நடந்துச்சு. என் கால் மேல காலை வச்சுத்தான் மிதிச்சாரு."