நார்வே யோசிக்க விரும்புகிறது

பருவநிலைப் பேச்சுவார்த்தையில் பேச விரும்புகிறவர், தன் மேசையில் படுத்துக் கிடக்கும் நாட்டின் பெயர்ப்பலகையை நிமிர்த்தி வைக்க வேண்டும். ஜெர்மனியின் பான் நகரத்துக்கு வருடாவருடம் வந்துபோகும் எனக்கு இது தெரியாமல் இல்லை. ஆனாலும் அன்று மதியம் ‘நார்வே’ என்ற பலகையை நான் நிமிர்த்தியது பேசுவதற்காக அல்ல. என் ரொட்டியை மறைப்பதற்காக.

கூட்ட அறையில் சாப்பிடக் கூடாது. ஆனால் நார்வேக்காரர்களான நாங்கள் உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டியை மெழுகுத்தாளில் மடித்து எடுத்துக்கொண்டுதான் போவோம். பசித்தது. பலகையை நிமிர்த்தி, அதன் பின்னால் குனிந்து ஒரு கடி கடித்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் தலைவர் சுத்தியலைத் தூக்கியிருந்தார்.

“யாருக்கும் ஆட்சேபம் இல்லைன்னா இந்தப் பத்திய முடிச்சிடலாம். ஓ, நார்வே! சொல்லுங்க.”

அறையே என்னைத் திரும்பிப் பார்த்தது. பழுப்புச் சீஸ் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் சாமான். ‘மன்னிக்கவும், சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்’ என்று சொல்லியிருக்கலாம். ஒரு நாடு அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவசரமாக விழுங்கிவிட்டு, “நன்றி, தலைவர் அவர்களே. கடைசி வாக்கியத்தைப் பற்றி நார்வே கொஞ்சம் யோசிக்க விரும்புகிறது” என்றேன்.

ஒப்பந்த வரைவு தெரிந்த திரையில் அந்த வாக்கியத்தின் இரண்டு பக்கமும் சதுர அடைப்புகள் வந்து விழுந்தன. அடைப்புக்குள் போன வாக்கியம் இன்னும் யாரும் ஒப்புக்கொள்ளாத வாக்கியம். உள்ளே தள்ள ஒரு நாடு போதும். வெளியே கொண்டுவர எல்லா நாடும் சம்மதிக்க வேண்டும். நான் மறுபடி வாயைத் திறப்பதற்குள் வேறு நான்கு பலகைகள் நிமிர்ந்துவிட்டன.

“நார்வே சொல்றதுல நியாயம் இருக்கு” என்றது ஒரு நாடு. நான் எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

தலைவர் காப்பிக்கு இடைவேளை விட்டார்.

மாட்டிக்கொண்ட வாக்கியம் சமோவா நாட்டின் லூபே எழுதியது. சின்னத் தீவுகள் டீசலை விட்டுச் சூரிய மின்சாரத்துக்கு மாறும்போது, கருவிகளுக்கு மட்டுமல்ல, அவற்றைப் பழுதுபார்க்க உள்ளூர் ஆட்களைப் பழக்கவும் உதிரிபாகங்களை அங்கேயே வைத்திருக்கவும் உதவி தர வேண்டும் என்றது அது. அதை இந்த அளவுக்குக் கொண்டுவர அவள் சில வருடங்கள் அலைந்திருக்கிறாள். அன்றைக்குக் கடைசி நாள். சாயங்காலம் வரை அடைப்புக்குள்ளேயே இருப்பது எதுவோ அது வரைவிலிருந்து உதிர்ந்துவிடும்.

அவள் நேராக என் மேசைக்கு வந்தாள்.

“ஒட்வார், போன வாரம் இந்த வாக்கியம் நல்லா இருக்குன்னு சொன்னது நீங்கதானே?”

“இப்பவும் நல்லாத்தான் இருக்கு.”

“அப்புறம் எதுக்கு அடைப்பு?”

“ரொட்டி.”

“என்னது?”

பலகையை நகர்த்திக் காட்டினேன். ரொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “எங்க ஊர்ல கூட்டத்துக்கு முன்னாடியே வயித்துக்குப் போட்டுடுவோம். ஏன்னு இப்பதான் புரியுது” என்றாள். சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. அதற்குப் பதில் அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

அவள் பின்னாலேயே எங்கள் குழுத் தலைவி இங்கெபோர்க் வந்தாள். “ஏம்ப்பா, நம்ம நிலைப்பாடு மாறிடுச்சாமே? எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

விஷயத்தைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டாள். “ஆட்சேபத்தத் திரும்ப வாங்கிடு. மத்த நாலு பேரையும் நீயே போய்ப் பாரு. என்னைக் கூப்பிடாத, சிரிச்சுடுவேன்.”

காப்பி வரிசையில் நான்கு பேரையும் பிடித்து உண்மையைச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. ஒருவர் கண்ணடித்து, “புரியுது, புரியுது. ரொட்டி” என்றார். இன்னொரு அம்மா என்னைத் தூணோரம் இழுத்து, “ரொட்டின்னா எண்ணெயா, எரிவாயுவா?” என்று காதோடு கேட்டார்.

கூட்டம் மறுபடி தொடங்கியதும் நார்வே யோசித்து முடித்துவிட்டது என்று அறிவித்தேன். மூன்று பலகைகள் நிமிர்ந்த வேகத்திலேயே படுத்தன. நான்காவது மட்டும் நின்றது. அது காசிமிரோவுடையது. அவருடையது பெரிய நாடு, பெயர் வேண்டாம்.

“ஓரமா நின்னு பேசி முடிச்சிட்டு வாங்க” என்றார் தலைவர். இங்கே அதுதான் வழக்கம். நாற்காலி கிடையாது. கால் கடுத்தால் கொள்கை தளரும் என்று கண்டிருக்கிறார்கள். லூபே, காசிமிரோ, நான் மூவரும் ஜன்னலோரம் போய் நின்றோம்.

“அடைப்ப எடுத்துடலாம்ல?” என்றேன்.

“எடுக்கக் கூடாதுன்னு நான் சொல்லலையே.”

“அப்ப எடுக்கலாம்.”

“அப்படியும் சொல்லலையே. உங்க கவலைய நாங்க கவனத்துல எடுத்துக்கறோம்.”

“எங்களுக்குக் கவலையே இல்ல, காசிமிரோ!”

“அதையும் கவனத்துல எடுத்துக்கறோம்.”

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. சனிக்கிழமை வீட்டில் இருப்பாயா என்று என் மனைவி கேட்டால், “கொள்கையளவில்” என்று பதில் சொல்கிற ஆள் நான்.

லூபேதான் பொறுமை இழந்தாள். “உங்களுக்கு என்னதான் பிரச்சினை, ஐயா? கொஞ்சம் சொல்லுங்களேன்.”

காசிமிரோ அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “நார்வே தடுத்தா உள்ள ஏதோ இருக்கும்னு உடனே தலைநகரத்துக்கு எழுதிட்டேன். நல்லா மோப்பம் பிடிச்சேன்னு அமைச்சரே பாராட்டி எழுதிட்டார். இப்ப போய் ரொட்டின்னு எழுதவா?”

எனக்கு அவர்மேல் பாசமே வந்துவிட்டது.

“வேற ஒண்ணு எழுதுங்க” என்றாள் லூபே. “என் தம்பி இருக்கற தீவுல சூரியத்தகடு போட்டாங்க. திறப்பு விழா, நடனம், பன்றிக்கறி, எல்லாம் ஆச்சு. கொஞ்ச நாள்ல ஒரு சின்னப் பெட்டி புகைஞ்சு போச்சு. கழட்டிப் பாக்க ஆளில்ல. கப்பல்ல ஆள் வர்ற வரைக்கும் பழையபடி டீசல். டீசல் தீந்த அன்னிக்கு ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டியில இருந்த தடுப்பூசி மருந்தெல்லாம் வீணாப்போச்சு.”

“தகடு?” என்றார் காசிமிரோ.

“தகட்டு மேல மீன் காயப்போட்டாங்க.”

“காஞ்சுதா?”

“நல்லாக் காஞ்சுது. லைட்டுதான் எரியல.”

காசிமிரோ சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை; பல் வரிசை நன்றாகவே இருந்தது. “எங்க மலைக்கிராமத்துலயும் இதே கதைதான். அங்க தகட்டு மேல கோழி உக்காந்திருக்கு. என் மாமியார் ஊரு. போறப்பெல்லாம் அந்தம்மா என்னைத்தான் கேக்கறாங்க, எப்ப சரியாகும்னு.”

“நீங்க என்ன சொல்வீங்க?” என்றேன்.

“கவனத்துல எடுத்துக்கறேன்னு சொல்வேன்.”

லூபேயும் சிரித்தாள். அங்கே மேடையில் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே ரைன் நதியில் ஒரு சரக்குப் படகு எங்களைவிட வேகமாக எதிர்நீச்சல் போட்டுக்கொண்டிருந்தது.

“காசிமிரோ” என்றேன். “நாடு கிடக்கட்டும், அமைச்சர் கிடக்கட்டும். நீங்க இந்த அடைப்ப எடுப்பீங்களா, மாட்டீங்களா?”

அவர் கைப்பேசியைப் பார்த்தார். சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். லூபேயின் முகத்தைப் பார்த்தார்.

“எடுத்துடறேன்.”