ஆணியில் தொங்கிய டேப்

துணி வெட்டுகிற பெரிய கட்டருக்கு அந்தத் தையல் கடையில் இருபத்திரண்டு வருஷம். தங்கச்சி புருஷனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து அங்கே சேர்த்துவிட்டவரும் அவர்தான். சேர்த்துவிட்டவருக்கே ஆறு வருஷத்தில் வயிறெரிய ஆரம்பித்ததுதான் கூத்து. மாப்பிள்ளை வெட்டிய கோட்டு உடம்போடு கச்சிதமாக உட்காரும். வருகிறவர்கள் எல்லாம், "சின்னவர் இருக்காரா?" என்றுதான் கேட்டார்கள்.

"வெளிநாட்டுக் கச்சேரிக்குப் போற பாடகரோட கோட்டை நீயே வெட்டு. நல்லா வந்துச்சுன்னா நான் தொறக்கப்போற புதுக் கடை உன் பொறுப்பு," என்று முதலாளி எல்லார் முன்னாலும் மாப்பிள்ளையிடம் சொன்னார். பெரிய கட்டர் சிரித்து வைத்தார். சிரிப்பா அது?

பாடகர் அளவு கொடுக்க வந்து நின்றபோது மாப்பிள்ளையின் டேப் உள்ளே வெட்டு மேஜையில் கிடந்தது.

"மச்சான், டேப் ஒண்ணு குடுங்க."

பெரிய கட்டரின் கழுத்திலேயே நல்ல டேப் தொங்கியது. கை என்னவோ சுவர் ஆணிப் பக்கம் போனது. அங்கே இருந்தது துணி மூட்டை கட்டுகிற பழைய டேப். இழுத்து இழுத்து ரெண்டு அங்குலம் நீண்டுபோனது. நாற்பத்திரண்டு மார்பை நாற்பது என்றுதான் காட்டும். அளந்த டேப்பிலேயே வெட்டினால் ஒன்றும் குடி முழுகாது. ஆனால் மாப்பிள்ளை மேஜையில் கிடக்கும் தன் டேப்பில்தான் வெட்டுவார். அது தெரிந்துதான் கொடுத்தார், பாவி மனுஷன். பாடகரோடு பேச்சு மும்முரத்தில் மாப்பிள்ளையும் கவனிக்காமல் வாங்கிக்கொண்டார்.

பாடகருக்கு நடுவில் போட்டுப் பார்க்க நேரமில்லை. கிளம்புகிற அன்றுதான் வந்து போட்டார். பட்டன் காஜாவை எட்டவில்லை. கோட்டைக் கழற்றி வீசிவிட்டுப் போய்விட்டார்.

"புதுக் கடையை மறந்துடு," என்று முதலாளி கத்தினார்.

பெரிய கட்டருக்கு அன்று டீ ருசியாக இருந்தது. அந்த ஒரு டீ வரைக்கும்தான்.

"மூணு தடவை அளந்தேன் மச்சான். மூணு தடவையும் நாப்பதுதான். என் கண்ணுதான் போச்சு போல," என்றார் மாப்பிள்ளை.

"எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டிடு மாப்ளே."

இதைச் சொன்ன வாய் அழுகிப்போக வேண்டாமா?

தங்கச்சி விடவில்லை. "பயமா இருக்குண்ணே, நீயும் வா," என்று இழுத்துக்கொண்டு போனாள். கண் டாக்டரின் அறையில் மாப்பிள்ளை கடைசி வரிப் பொடி எழுத்து வரை தடங்கலில்லாமல் வாசித்தார்.

"கண்ணுல ஒரு குறையும் இல்லை," என்றார் டாக்டர்.

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். மாப்பிள்ளை வெளியே வந்து படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ கைதான் தப்பு. இனிமே நான் கத்திரியைத் தொடலை மச்சான். பட்டன் தைச்சே காலத்தை ஓட்டிடுறேன்."

தங்கச்சி அண்ணனைப் பார்த்தாள். "நீயே சொல்லுண்ணே. இவருக்கு எதுலதான் குறை?"

பெரிய கட்டருக்கு வெட்கத்தில் காது மடல் வரை எரிந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மாப்ளைகிட்ட ஒண்ணும் இல்லம்மா. நான் குடுத்த டேப்புல. நீண்டுபோன டேப்னு தெரிஞ்சேதான் குடுத்தேன்."

திட்டுவார், சட்டையைப் பிடிப்பார் என்று நின்றார். மாப்பிள்ளை தன் ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ என் கை நல்லாத்தான் இருக்கா மச்சான்?"

தங்கச்சிதான், "நல்லா இருக்கு, எழுந்திருங்க," என்று புருஷன் கையைப் பிடித்துத் தூக்கினாள். அண்ணனை வா என்று அவள் கூப்பிடவில்லை.