வாரேனுங்க என்று சொன்ன குரல்

கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்க்கச் சௌந்திரம் வேறு யாரையும் விடவில்லை. கணவர் தனசேகரின் உடலை வாசல் பந்தலில் பெஞ்சின் மேல் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்டக் குடங்களில் தண்ணீரும் வந்துவிட்டது. அவளுடைய அண்ணன் காளியப்பன் கையை நீட்டியபோது, "நீ இரு அண்ணா, அது எனக்குத்தான் பழக்கம்" என்று சொல்லிக் குனிந்தாள்.

முடிச்சு பின்கழுத்தில் இருந்தது. துணியை எடுத்ததும் தொண்டைக்குழியில் சுண்டைக்காய் நுழையும் அளவுக்கு அந்தத் துளை தெரிந்தது. இரண்டு வருடமாக அவர் மூச்சு விட்டது அதன் வழியாகத்தான். விடிகாலையில் அந்தச் சீறல் சத்தம் நின்றுபோனதில்தான் அவளுக்கு விழிப்பு வந்தது.

"புதுத்துணி ஒண்ணு கட்டிருங்க அக்கா, சனம் அதையேதான் பாக்கும்" என்றாள் பக்கத்து வீட்டு மாரியாயி.

"பாக்கட்டும், என்ன இப்போ" என்றாள் சௌந்திரம். ஆனாலும் குளிப்பாட்டி முடிந்ததும் உள்ளே போய், இஸ்திரி போட்டு வைத்திருந்த வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து கட்டிவிட்டாள்.

பழைய தனசேகரை அறிந்தவர்களுக்கு அந்தத் துளையை நம்ப முடியாது. திருச்செங்கோட்டு ரிக் லாரிகளோடு மத்தியப் பிரதேசம் வரைக்கும் போய் ஆழ்துளைக் கிணறு தோண்டிய ஆள். கம்ப்ரசர் போடும் இரைச்சலைத் தாண்டிக் கத்திக் கத்தியே குரல் அகலமாகிவிட்டது. வீட்டில் மெதுவாகப் பேசினால்கூட ரோட்டில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். தொண்டையில் வந்தது புற்றுநோய்தான், குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று மருத்துவர் சொன்ன நாளில், கார் வரைக்கும் நடந்து வந்தவர், "இனி நீதான் கத்தோணும்" என்று மட்டும் சௌந்திரத்திடம் சொன்னார்.

மகள் இலக்கியா குமாரபாளையத்தில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணினி வேலை பார்க்கிறாள். அறுவைச் சிகிச்சைக்கு முன் அவள்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் செயலி. அது காட்டும் வாக்கியங்களை வாசித்தால் போதும், அவர் குரலை வாங்கி வைத்துக்கொள்ளும். பிறகு அவர் போனில் எழுதுவதையெல்லாம் அவர் குரலிலேயே பேசும். சத்தமில்லாத இடம் வேண்டும் என்று காரின் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு தனசேகர் உட்கார்ந்து வாசித்தார். பின்சீட்டில் சௌந்திரம் வெந்நீர் பிளாஸ்க்கோடு இருந்தாள். 'இன்றைய வானிலை மிகவும் இதமாக உள்ளது' என்று வாசித்துவிட்டு, "எவன் சாமி இப்படிப் பேசறான்?" என்று சிரித்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த மறுநாள் போன் முதல்முதலாகப் பேசியது. "சௌந்திரம், காப்பி." சளி பிடித்தது போலிருந்தாலும் அவர் குரல்தான். அடுப்படியில் நின்றிருந்தவள் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

அது ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை. அந்த நிறுவனத்தை அதைவிடப் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கியது. ஒரு நாள் காலையில் செயலியைத் திறந்தால், இந்தச் சேவை நிறுத்தப்பட்டது என்று நன்றியோடு ஒரு வரி வந்தது. அப்பாவின் குரலையாவது திருப்பிக் கொடுங்கள் என்று இலக்கியா எழுதிக் கேட்டாள். வாசித்த பதிவுகளெல்லாம் நேராக அவர்கள் கணினிக்குத்தான் போயிருந்தன, போனில் ஒன்றுமில்லை. நீங்கள் ஒப்புக்கொண்ட விதிகளின்படி அந்தக் குரல் மாதிரி எங்கள் சொத்து, வழங்க இயலாது என்று பதில் வந்தது. இலக்கியா அதைத் தமிழில் சொன்னாள். தனசேகர் உதட்டை அசைத்தார். சௌந்திரத்துக்கு உதடு படிக்கத் தெரியும்.

"என்ற குரலு அவனுகளுதா?"

அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். அதன் பிறகு பல நாள் அதைத் தொடவே இல்லை.

இரண்டாவது குரலை இலக்கியா தேடிக் கொண்டுவந்தபோது அவருக்குப் பெரிய நம்பிக்கையில்லை. யாரோ நாலைந்து பேர் சம்பளமில்லாமல் செய்து, எவர் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று விட்டிருந்த தமிழ்க் குரல். போனுக்குள்ளேயே இருக்கும்; எந்த நிறுவனமும் மூட முடியாது. ஆனால் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போலிருந்தது. அவர் 'வாரேனுங்க' என்று எழுதினால் அது "வாரே... நுங்க" என்று உடைத்தது. "நுங்கு யாருக்குங்க?" என்று மாரியாயி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். தனசேகர் முகம் கறுத்து உள்ளே போனவர், அந்த ஆத்திரத்திலேயே குரலைச் செய்தவர்களுக்கு ஏதோ எழுதினார்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. வேப்பமரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்து, ஊட்டுக்கு, போலாமுங்க, அக்கட்டால என்று எழுதி எழுதிப் பேச வைப்பார், தலையை ஆட்டுவார், யாருக்கோ பதில் அனுப்புவார். சௌந்திரத்துக்கு அந்தச் சத்தம் ஆகாது. "நாளெல்லாம் அந்தத் தகரத்தோடயே பேசிட்டு இருங்க" என்பாள். அது பேசினால் காதில் வாங்காமல் அவர் உதட்டைத்தான் பார்ப்பாள். நோய் நுரையீரலுக்கு ஏறிப் படுக்கையில் விழுந்த பிறகும் அவர் அந்த வேலையை விடவில்லை.

மதியம் பறைக்காரர்கள் வந்து அடிக்கத் தொடங்கியபோது, பந்தல் ஓரத்தில் ஆட்டோவிலிருந்து ஒருவர் இறங்கினார். நாற்பது வயதிருக்கும். கையில் வெள்ளைக் கோல். ஒரு பக்கமாக நின்று, "தனசேகர் ஐயா வீடுதானே?" என்று பொதுவாகக் கேட்டார். இலக்கியா ஓடிப்போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

"அம்மா, இவுருதான் ஜீவானந்தம் சார். அப்பாவோட எழுதிட்டு இருந்தவரு."

சௌந்திரம் பக்கத்தில் நாற்காலி போடச் சொன்னாள். அவர் உட்காரவில்லை.

"நான் ஆத்தூரும்மா, பேங்க்ல வேலை. எனக்குக் கண்ணு தெரியாது. போனு, கம்ப்யூட்டர் எல்லாம் எங்களுக்கு அந்தக் குரல்தான் படிச்சுக் காட்டும். அதைச் சரி பண்றவங்கள்ல நானும் ஒருத்தன். ஐயா முதல்ல திட்டித்தான் எழுதினாரு. உங்க மிஷினு பேசறது மனுசன் பேச்சான்னு கேட்டாரு."

"கேப்பாருங்க" என்றாள் சௌந்திரம்.

"அவரு திருத்துன வார்த்தையெல்லாம் அதுக்குள்ள சேத்தாச்சு. இனி யாரு எடுத்தாலும் அதோட சேந்துதான் போவும்." கோலைக் கை மாற்றிப் பிடித்தார். "நாங்க ஒரு தடவைகூட நேர்ல பாத்துக்கல. அவரு எழுதுனதை எல்லாம் நான் அந்தக் குரல்லதான் கேட்டேன். எனக்கு அவரு குரல்னா அதுதாம்மா. காலையில பாப்பா அனுப்புன சேதியையும் அதுதான் படிச்சுது. 'தனசேகர் இறந்துட்டாங்க'ன்னு. அவரே சொல்ற மாதிரி இருந்துச்சு."

சௌந்திரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் கையைப் பிடித்துக் கணவரின் கை மேல் கொண்டுபோய் வைத்தாள். அவர் விரல்கள் மணிக்கட்டு வரை மெதுவாகப் போய், திரும்பி வந்து, உள்ளங்கையில் நின்றன. ரிக் குழாய் தூக்கிக் காய்த்த கை.

"அவரோட நெஜமான குரல் எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டார்.

"நல்லாக் கனமா..." என்று தொடங்கினாள். கனம் என்பது சரியில்லை. கரகரப்பு என்றாலும் அது இல்லை. எத்தனையோ வருடம் கேட்ட குரல், சொல்லப்போனால் பிடி கிடைக்கவில்லை. ஒரு தடவை தர்மபுரிப் பக்கம் ரிக் ஓடும் இடத்துக்குச் சோறு கொண்டுபோனது நினைவுக்கு வந்தது. அத்தனை இரைச்சலிலும், தண்ணீர் கண்டதும் அவர் போட்ட சத்தம்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை இழுத்தாள்.

"நிறுத்து சாமீ... தண்ணி வந்திருச்சு!"

அடிவயிற்றிலிருந்து வந்தது. 'சாமீ' மேலே ஏறி நின்று, 'வந்திருச்சு' தடாலென்று தரைக்கு இறங்கியது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். தங்களுக்குத்தான் சொல்கிறாள் என்று பறைக்காரர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். இலக்கியா முகத்தை மூடிக்கொண்டாள். காளியப்பன் பந்தலுக்கு வெளியேயிருந்து ஓடி வந்தார்.

"என்ன அம்மிணி? என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல அண்ணா. அவுங்கள அடிக்கச் சொல்லு."

ஜீவானந்தம் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நின்றிருந்தார். பறை மறுபடி தொடங்கும் வரை அவர் அசையவில்லை.

வெயில் சாய்ந்ததும் பாடையைத் தூக்கினார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். ஜீவானந்தம் தானும் சுடுகாட்டுக்கு வருவதாகச் சொன்னார். காளியப்பன் தயங்கினார்.

"வரப்பு வழிங்க. மேடும் பள்ளமுமா கெடக்கும். நீங்க எப்படிங்க..."

"உன்ற தோளக் குடு அண்ணா" என்றாள் சௌந்திரம்.

ஒரு கையைக் காளியப்பன் தோளில் வைத்து, மறுகையில் கோலால் தட்டிக்கொண்டு அவர் நடந்தார். சௌந்திரம் தெருமுனையில் இலக்கியாவின் கையைப் பிடித்தபடி நின்றாள். பாடை காட்டுக்குள் திரும்பும் இடத்தில் ஜீவானந்தம் பின்தங்கிவிட்டார். காளியப்பன் முன்னால் பார்த்து ஏதோ சொன்னார். தூக்கிப் போனவர்களில் ஒருவன் திரும்பிப் பார்த்தான். அவர்கள் நடையைக் குறைத்தார்கள். கரும்புக் காட்டைத் தாண்டும் வரை பாடை அதே மெதுவில் போய்க்கொண்டிருந்தது.