சாலம்மாள் படித்த புத்தகம்

தலையணையை மடித்து முட்டுக்கொடுத்து, புருஷனைத் தோளோடு அணைத்துத் தூக்கிச் சாய்த்து வைத்தாள் சாலம்மாள். கரும்புக் கட்டைத் தலையில் ஏற்றி வரப்பில் ஓடின சடையனின் உடம்பில் இப்போது கனமென்று சொல்ல எதுவுமில்லை. ஆஸ்பத்திரியில் கைவிரித்து, வீட்டுக்கே கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். காலையிலிருந்து மூச்சு இழுத்து இழுத்து வந்தது. மகள் தமிழ்மொழியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர ஆள் போயிருந்தது.

“அந்தப் புக்க எடு,” என்றான் சடையன்.

“எந்தப் புக்கு மாமா?”

“லைப்ரரி மேடம் நேத்து பாக்க வந்தப்ப குடுத்தாங்களே, புதுசு. அதப் படி.”

சாலம்மாளின் கை பழைய புத்தகத்தின் பக்கம் போனது.

“அந்த ஆட்டுக்குட்டி கதயப் படிக்கட்டுமா?”

“அது எனக்கே மனப்பாடம். புதுசு படி.”

சாலம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஊரோ நேர்மாறாக நம்பிக்கொண்டிருந்தது. தியாகதுருகம் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து படிக்கிற வகுப்பு. ஒரே புத்தகத்தை இரண்டு மடிக்கும் நடுவே விரித்துக்கொள்ள வேண்டும். தமிழ்மொழி விரலை ஓட்டிப் படிப்பாள். அம்மாக்காரி விரலைப் பார்த்தால்தானே? காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நடவுப் பாட்டை ஒருதரம் கேட்டால் பிடித்துக்கொள்கிற காது அது. சில வாரத்தில் ஆட்டுக்குட்டிக் கதை முழுசாக நாக்கில் ஏறிவிட்டது. புத்தகத்தைத் திறந்து வைத்துப் பிசிறில்லாமல் ஒப்பித்தாள். நூலகர் தேவிப்ரியா பூரித்துப்போய், ஆண்டு விழாவில் மைக் முன்னால் நிறுத்திவிட்டார். அத்தனை பேர் கைதட்டின பிறகு, தெரியாது என்று எந்த வாயால் சொல்வது?

சடையன் அடித்துக்கொண்ட பெருமை கொஞ்சநஞ்சமில்லை. கரும்பு வெட்டுக்குப் போன இடமெல்லாம், “எம் பொண்டாட்டி எது குடுத்தாலும் படிப்பா” என்று சொல்லித் திரிந்தான். மடியில் கனமிருந்தால் வழியில் பயம்தான். அவன் சொல்லச் சொல்ல இவள் செத்துச் செத்துப் பிழைத்தாள். இத்தனை நாள் மறைத்தது இன்றைக்கா உடைய வேண்டும்? ஏமாந்தவனாகவா இந்த மனுஷன் போக வேண்டும்?

போதாததற்கு, நாத்தனார் ஆயம்மாள் வாசலில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். எட்டாவது படித்தவள். உள்ளே வந்து தோளுக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தால் தீர்ந்தது.

அட்டையில் ஒரு கழுதை இருந்தது. அதுவரைக்கும் லாபம். சாலம்மாள் அவனை ஒட்டி உட்கார்ந்து, புத்தகத்தை விரித்து, மைக்கில் பேசின குரலை வரவழைத்துக்கொண்டாள்.

“ஓர் ஊரில் ஒரு கழுதை இருந்தது.”

“உம்,” என்றான் சடையன்.

“அந்தக் கழுதை மலையேறிச் சுமை கொண்டு போகும்.”

“உம்.”

“கடுக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு கரியாலூருக்குப் போனது.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அச்சடித்த புத்தகத்தில் பக்கத்து மலையிலிருக்கிற கரியாலூர் எங்கிருந்து வரும்? ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் கண் மூடியிருந்தது. உம் என்றான். வாசலில் கரண்டிச் சத்தம் நின்றபோது இவள் மூச்சும் நின்றது. மறுபடி கரண்டி ஓடின பிறகு கழுதையும் நடந்தது. வழியில் மழை பிடித்தது, மூட்டை நனைந்தது, ஓடையில் வெள்ளம் வந்தது.

சடையனின் கை பாயைவிட்டு மெல்ல எழுந்தது. புத்தகத்தைத் தொட்டு, தாளைப் புரட்டிவிட்டது.

“ரொம்ப நேரமா... ஒரே பக்கத்துல நிக்கிற.”

அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். “மாமா...”

“ஆண்டு விழால... காத்துல நாலஞ்சி பக்கம் பொரண்டுச்சி. நீ நிறுத்தவேயில்ல.” சிரிக்கப் பார்த்தான். இருமல்தான் வந்தது.

“அப்பவே தெரியுமா? தெரிஞ்சிக்கினுதானா ஊரெல்லாம் சொல்லினு திரிஞ்ச?”

“சொல்லலன்னா... நீ வகுப்புக்குப் போறத வுட்டிருப்ப.”

சாலம்மாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. பாவி மனுஷன், தெரிந்துகொண்டே இத்தனை நாள் கூட நின்றிருக்கிறான். அவன் நெஞ்சைத் தடவிக்கொடுத்தாள்.

“கழுத... இன்னா ஆச்சு?”

“வெள்ளத்தப் பாத்து நின்னுக்கினு இருந்துச்சி மாமா,” என்றாள். மைக் குரல் எங்கோ போய்விட்டது. “அந்தாண்ட கரையில ஒரு பொம்பள நின்னுக்கினு, வா வான்னு கூப்புட்டா.”

“உம்.”

“இது தண்ணியில கால வச்சிச்சி. ஆழம் கம்மிதான். பயந்த அளவுக்கு இல்ல.”

“உம்.”

“நடுவுல போனதும் இழுப்பு ஜாஸ்தியாச்சி. கழுத நின்னு மூச்சு வாங்கிச்சி.”

உம் வரவில்லை.

சாலம்மாள் காத்திருந்தாள். அவன் தலை அவள் தோளில் சரிந்து கனத்தது. அவள் திரும்பவில்லை. கண்ணைத் தாளிலேயே வைத்திருந்தாள்.

“அப்பறம் மூச்சு வாங்கிக்கினு... மறுபடி நடந்துச்சி,” என்றாள்.

ஆயம்மாள் கஞ்சியை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது.

“அண்ணி, கத நல்லாருக்குது. எனுக்கும் கேக்கறாமாதிரி சத்தமா படிங்க.”

சாலம்மாள் குரலை உயர்த்தினாள்.