ஆம்னியின் பின் கண்ணாடி

மாரீஸ்வரனுக்கு அருப்புக்கோட்டையில் கலியாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் டிசைன் போடும் வேலை. மிச்சம் விழும் தடித்த அட்டைகளை வீட்டுக்கு எடுத்துப் போய்க் காகிதக் கார் செய்வான். கம்ப்யூட்டரில் பாகம் பாகமாக வரைந்து, பிரிண்ட் எடுத்து, வெட்டி, மடித்து ஒட்டுவது யாருக்கும் கைகூடும். அதை இன்னாருடைய வண்டி என்று பார்த்ததும் சொல்ல வைப்பதில்தான் அவனுடைய கெட்டிக்காரத்தனம் இருந்தது. பம்பரின் நசுங்கல், கதவில் நிறம் மாறிய ஒட்டு, முன்னால் தொங்கும் எலுமிச்சம்பழம், எதையும் விடமாட்டான்.

மல்லாங்கிணற்றில் பலசரக்குக் கடை வைத்திருந்த வெள்ளத்துரை அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். வெள்ளத்துரைக்குக் கலியாணம் என்றதும், அவன் சரக்கு எடுக்கப் போகும் வெள்ளை ஆம்னி வேனையே செய்து கொடுப்பது என்று மாரீஸ்வரன் உட்கார்ந்துவிட்டான். பக்கக் கதவு நிஜமாகவே இழுத்தால் திறந்தது. உள்ளே விரல்நுனி அளவில் அரிசி மூட்டைகள். கடைசியாகப் பின் கண்ணாடி மட்டும் பாக்கி.

போனில் இருந்த பழைய போட்டோவில் அந்தக் கண்ணாடியில் 'சுவாதி' என்று சாய்வெழுத்தில் ஸ்டிக்கர் இருந்தது. வெள்ளத்துரை ஒருகாலத்தில் விரும்பிய பெண். அவளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்து வருஷங்களாகிவிட்டன. நிச்சயத்துக்கு முன்னால் வெள்ளத்துரை பிளேடு வைத்து அந்தப் பெயரைச் சுரண்டியபோது தண்ணீர் ஊற்றியவனே மாரீஸ்வரன்தான். பெயர் இல்லாமல் வைத்துப் பார்த்தான். ஊரில் ஓடுகிற ஏதோ ஓர் ஆம்னி மாதிரி இருந்தது. மனசு கேட்கவில்லை. யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்று பெயரையும் சேர்த்தே ஒட்டிவிட்டான்.

மண்டபத்து மேடையில் எல்லோரும் வண்டியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். அவன் பெருமையோடு நின்றான். திருச்சுழியிலிருந்து வந்திருந்த பெண்ணின் அத்தை சந்தனம்மாள் அதைத் திருப்பினாள்.

"சுவாதியா? நம்ம புள்ள பேரு ரேணுகாதேவியில்ல?"

மாப்பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. மாரீஸ்வரனின் வாய் முந்திக்கொண்டது.

"வண்டிய முன்னால வச்சிருந்தவுக மக பேரு அத்தை. செகண்ட்ஸ்ல வாங்குனது."

"ஆமா அத்தை," என்று வெள்ளத்துரையும் தலையாட்டினான். மணப்பெண் ரேணுகாதேவி மாரீஸ்வரனை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். அவன் பந்திக்குப் போகாமலே பஸ் ஏறிவிட்டான்.

அதன்பிறகு வெள்ளத்துரை போன் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெயரில்லாத பின்பக்கம் ஒன்றைப் புதிதாகச் செய்து எடுத்துக்கொண்டு மாரீஸ்வரன் மல்லாங்கிணறு போனான். கடையில் ரேணுகாதேவி மட்டும் இருந்தாள்.

"அந்தப் பேர நான் போட்டிருக்கக் கூடாதும்மா. புத்தி கெட்டுப்போச்சு. மாத்திக் குடுத்துட்டுப் போறேன்."

"பேரு கெடக்கட்டும்ண்ணே. பொண்ணு பாக்க வந்தன்னைக்கே அவுக எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாக." அவள் குரல் உயரவில்லை. "நீங்க எதுக்குப் பொய் சொன்னீக? அதுக்கு அவுகளத் தலையாட்ட வச்சீக பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல. வண்டி மொதல்லருந்தே அவுக பேருலதான் இருக்குன்னு அத்தை விசாரிச்சிருச்சு. இன்னும் என்னென்ன பொய்யோன்னு எங்கய்யாகிட்ட அழுதுருக்கு."

மாரீஸ்வரனுக்குக் காது சூடேறியது. பெயரை ஒட்டியதற்காகத்தான் இத்தனை நாளும் கூசிக்கொண்டிருந்தான். அந்தப் பொய்யை, நண்பனைக் காப்பாற்றியதாகவே மனசுக்குள் வைத்திருந்தான்.

"நானே திருச்சுழி போயி, பொய் சொன்னது நாந்தான்னு சொல்லிட்டு வாரேன்."

"காலையிலயே அவுக திருச்சுழிக்குப் போயிட்டாக."

கையிலிருந்த அட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். கிளம்பவும் கால் வரவில்லை. வெயில் ஏறியபின் ஆம்னி வந்து நின்றது. வெள்ளத்துரை இறங்கினான். களைத்திருந்தான்.

"என்ன சொன்னாக?" என்றாள் ரேணுகாதேவி.

"ஏசுனாக. கேட்டுக்கிட்டேன். அப்பறம் சாப்பாடு போட்டாக."

"ஏலே, பழிய எம்மேல போட்டிருக்கலாம்ல," என்றான் மாரீஸ்வரன்.

"நானுந்தானடா தலையாட்டுனேன்." வெள்ளத்துரை கதவை இழுத்துத் திறந்தான். "உளுந்து மூட்டை கெடக்கு. ஒரு பக்கம் பிடி."

மாரீஸ்வரன் அட்டையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு மூட்டையைப் பிடித்தான். கடைசி மூட்டை இறங்கும்வரை அவனால் வெள்ளத்துரையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.