ஹால்வர்சனின் பழுப்பு பிக்கப்

எங்கள் பக்கத்து நெடுஞ்சாலையில் எதிரே வண்டி வந்தால், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குவோம். அவ்வளவுதான் வணக்கம். ஆளைப் பார்த்து அல்ல. அந்த வேகத்தில் கண்ணாடிக்குள் ஆளா தெரியப்போகிறது? வண்டியைப் பார்த்துத்தான். யாருடைய வண்டி எது என்பது பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

அந்த விரலைத்தான் என் வீட்டுக்காரர் ஓரெஸ்ட்டும் அவர் தம்பி மிரோனும் பதினான்கு வருஷமாக ஒருவருக்கொருவர் தூக்கவில்லை. ரயில்வேக்காரர்கள் எங்கள் கிளைப்பாதையைப் பிடுங்கப்போகிறோம் என்றபோது, பாதையோரத்து நாலு ஊர் விவசாயிகளும் சேர்ந்து அதை எடுத்து நடத்தப் பார்த்தார்கள். ஓரெஸ்ட் அதற்குக் கையெழுத்து வாங்க வீடு வீடாக ஏறி இறங்கினார். அடுத்த ஊரிலிருந்த சொந்தத் தம்பி கையெழுத்துப் போடவில்லை. "லாரி இருக்கு, ரோடு இருக்கு, ரயிலு எதுக்கு?" என்று கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான். தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கு நின்ற பேச்சு. இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் எங்கே போவதானாலும் அந்த ஒரே ரோடுதான். வாரத்துக்கு நாலு தடவை எதிரெதிரே வருவார்கள். இரண்டு பேர் கையும் ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொள்ளும்.

போன அக்டோபரில் எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர் ஹால்வர்சன் நகரத்துக்குக் குடிபோனார். அவருடைய பழுப்பு பிக்கப்பை ஓரெஸ்ட் வாங்கினார். முதல் நாள் ஓட்டிவிட்டு வந்தவர் காபியைத் தொடவே இல்லை.

"மிரோன் விரலைத் தூக்கினான்" என்றார்.

"உங்களுக்கா, வண்டிக்கா?"

கேட்டிருக்கக் கூடாது. மனிதர் முகம் சுண்டிப்போய்விட்டது.

"வண்டி கைமாறினது அவனுக்குத் தெரியாமலா இருக்கும்?"

"நீங்க பதிலுக்குத் தூக்கினீங்களா?"

"அதுக்குள்ள தாண்டிப் போயிட்டான்."

"பொய். மனசு வரல, அதைச் சொல்லுங்க."

"ஹால்வர்சனுக்குக் காட்டினதுக்கு நான் பல்லை இளிச்சா, ஊரே சிரிக்கும்டி."

மறுநாளும் தூக்கினானாம். அதற்கு மறுநாளும். எனக்கானால் மண்டை குடைந்தது. மிரோன் சாமான் வாங்குகிற கூட்டுறவுக் கடைக்குப் போன் போட்டு, வண்டி கைமாறினது அவனுக்குத் தெரியுமா என்று கல்லாவில் இருந்த பெண்ணிடம் நைசாக விசாரித்தேன். அவள் பனிப்பொழிவைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினாளே தவிர, கேட்டதற்குப் பதில் இல்லை. அப்படி ஒரு கெட்டிக்காரி. வாரத்துக்கு ஒரு தரம் முகம் மழிக்கிற இந்த மனிதரோ மூன்று நாளில் மூன்று தரம் மழித்துவிட்டார். நம்புகிறார் என்று தெரிந்தது. நம்பினது பொய்யாகிவிட்டால் இவரை யார் தேற்றுவது? நான்தான் தேற்ற வேண்டும்.

நாலாம் நாள் நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

பெரிய ரயில்பாதை ரோட்டைக் குறுக்கிடும் இடத்தில் சிவப்பு விளக்கு மின்னியது. கோதுமை ஏற்றிய ரயில், நூறு பெட்டிக்குக் குறையாது. எஞ்சினை அணைத்தோம். பின்னால் ஒரு நீலநிற லாரி வந்து நின்றது. மிரோன்.

ரயிலுக்குக் காத்திருக்கும்போது பின்னால் வந்தவர் இறங்கி முன்வண்டியின் ஜன்னலுக்கு வந்து நாலு வார்த்தை பேசுவது எங்கள் ஊர் வழக்கம். உட்கார்ந்தே இருந்தால் திமிர் என்பார்கள்.

"இறங்கறான்" என்றார் ஓரெஸ்ட், கண்ணாடியைப் பார்த்தபடி.

"நல்லதாப் போச்சு. இப்ப தெரிஞ்சுடும்."

"தெரிய வேண்டாம் ஸ்டெஃபா. இந்த மூணு நாளு நல்லா இருந்துச்சு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் மிரோன் அதற்குள் ஜன்னலருகே வந்துவிட்டான். தலைமுடி முழுக்க நரைத்திருந்தது. ஓரெஸ்ட் கண்ணாடியை இறக்கினார். தம்பியை முந்திக்கொண்டு அவரே பேசினார்.

"இது இப்ப ஹால்வர்சன் வண்டி இல்ல. நான் வாங்கிட்டேன். தெரியாமப் பண்ணியிருப்ப, பரவால்ல, போ."

மிரோன் போகவில்லை. ரயில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"தெரியும்ணே. அவர் வீட்டுச் சாமானை ஏத்திவிட்டதே நான்தான். அன்னிக்கே சொன்னார்."

"அப்புறம் எதுக்குத் தூக்கின?"

மிரோன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "உன் பழைய வண்டியப் பாத்தா கை எழும்பல. பல தடவ தூக்கிப் பாத்தேன், எழும்பவே இல்ல. இதப் பாத்ததும் பழக்கத்துல தானா எழும்பிடுச்சு. அப்புறம் தினம் தூக்கினேன். நீ திட்டினா, வண்டிக்குத்தான் காட்டினேன்னு சொல்லிடலாம்னு."

 

"அண்ணி, காத்து ஊசி மாதிரி குத்துது" என்றான் என்னைப் பார்த்து.

"சுத்தி இந்தப் பக்கக் கதவுக்கு வா. பதினாலு வருஷம் குத்தாத காத்தா இது?"

நடுவில் நகர்ந்துகொண்டேன். ஏறினான். இரண்டு தடியன்களுக்கும் நடுவே நான் நசுங்கிக்கொண்டிருந்தேன்.  ஓரெஸ்ட் என் தோளுக்குப் பின்னால் கையை நீட்டித் தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார், எங்கேயாவது இறங்கி ஓடிவிடுவான் என்பதுபோல. கடைசிப் பெட்டி போயிற்று. விளக்கு அணைந்தது. மிரோனின் லாரிக்குப் பின்னால் வந்து நின்ற ஒருவன் ஹாரன் அடித்தான். சுற்றிக்கொண்டு போடா என்று நான்தான் கத்தினேன்.